மார்த்தாவுக்குச் சொன்ன பதில்

மார்ஷ்பி, லிங்கன்ஷயர்
3 செப்டம்பர் 1852

என் அன்புத் தங்கை ஃபீபிக்கு,

அக்கா லவினியா எழுதுவது. இங்கே அப்பா, நான், கெசியா மூவரும் நலம். உன் நலமறிய ஆவல் என்று அடுத்த வரி வர வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சண்டை இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வருகிறேன்.

நமக்குள் என்ன ஏற்பாடு? தபால் எடை கூடாமல் இருக்க ஒரே தாளில் இரண்டு எழுத்து. நீளவாக்கில் நாம் சேர்ந்து எழுதும் நாவலின் அத்தியாயம், தாளைத் திருப்பி அதன் மேலேயே குறுக்குவாக்கில் உன் வீட்டுச் செய்தி. இந்த ஒரே தாள் ஏற்பாட்டைச் சொன்னதே நீதான். செவ்வாய்க்கிழமை வந்த தாளில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்? இருபத்துநாலாம் அத்தியாயத்தை நீளவாக்கிலும் எழுதி, குறுக்குவாக்கிலும் எழுதித் தள்ளியிருக்கிறாய். மிஸஸ் தாக்வெல் அம்மாளின் மார்ச்சளி எப்படி இருக்கிறது, ஹாரோகேட்டில் மழையா வெயிலா, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, எதுவும் தெரியவில்லை. அந்தம்மாளுக்குச் சம்பளத்துக்குத் துணையிருக்கும் பெண்ணுக்குத் தன்னைப் பற்றி எழுதவே மறந்துபோகுமா?

ஜன்னலோரம் நின்று இரண்டு மணி நேரம் படித்தேன். கெசியா எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வலைய ஒண்ணுமேல ஒண்ணு போட்டாப்புல இருக்கு. கண்ணு போயிடும் பெரிய பாப்பா, வெச்சிட்டு வந்து சாப்பிடு" என்றாள். வீட்டு வேலையோடு நம்மையும் வளர்த்தவளுக்கு, முப்பத்தொரு வயதிலும் நான் பெரிய பாப்பாதான்.

சரி, சண்டை முடிந்தது. இனிப் பாராட்டு. ஃபீபி, இப்படி ஒரு அத்தியாயத்தை நீ இதுவரை எழுதியதில்லை. நம் கதாநாயகி மார்த்தா மேசை முன் உட்கார்ந்து தன் அக்காவுக்குக் கடிதம் எழுதப் போகிறாள் என்று நீளவாக்கில் முடித்துவிட்டு, அந்தக் கடிதத்தையே குறுக்குவாக்கில் முழுதாகக் கொடுத்தாய் பார், அது நல்ல யோசனை. வைத்தியர் சொல்லி, மார்த்தா துணைக்கு இருக்கும் சீமாட்டி மடெய்ராத் தீவுக்குப் போகிறாள், மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ தெரியாது, இவளையும் கூப்பிடுகிறாள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் உனக்கு எங்கிருந்து தோன்றியது? மாடிப்படியின் நடுவில் போய் நிற்கிறாளே, மேலேயிருந்தும் கீழேயிருந்தும் யாரும் கூப்பிடாத இடம் அது ஒன்றுதான் என்று, அங்கே நிறுத்தி அந்த வரியைத் திரும்பப் படித்தேன். கடைசியில் எழுதுகிறாள்: "நான் கிளம்பிய அன்று இரண்டு பேரும் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நீ வா என்றால் வந்துவிடுகிறேன், அக்கா. அடுப்படியில் படுக்கச் சொன்னாலும் படுப்பேன். நீ சொல்லாவிட்டால் அங்கே எனக்கு இடமில்லை என்று எடுத்துக்கொண்டு கப்பல் ஏறுவேன்." கெசியாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். அப்பா வந்து, "நம்ம ஹார்ன் ஐயா இன்னிக்கு யாரைக் கொன்னாரு?" என்று கேட்டார். அட்டையில் ஆம்ப்ரோஸ் ஹார்ன் என்று ஆண் பெயர் போட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு இந்தக் கேலிதான்.

அச்சுக்குக் கொடுக்கும் பிரதியில் சில இடங்களைத் திருத்தினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. மார்த்தா வீட்டு வேலைக்காரி பெயர் ஹன்னா. நீ ஏதோ நினைவில், "கெசியா தைத்துக் கொடுத்த சாம்பல் நிறக் காலுறை" என்று எழுதிவிட்டாய். ஹன்னா என்று மாற்றினேன். இன்னொன்று, மார்த்தாவின் சீமாட்டி வளர்ப்பது கிளி. நீ உங்கள் மிஸஸ் தாக்வெல்லின் நாயைக் கதைக்குள் இழுத்து வந்து மார்த்தாவின் மடியில் தூங்க வைத்திருக்கிறாய். கிளி மடியில் தூங்காது என்பதால் தோளில் உட்கார வைத்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். லண்டன் பதிப்பாளர் திரு. ஆட்லம் முதல் இரண்டு பாகங்களையும் படித்துவிட்டார். ஆனால் புத்தகத்தை வாடகைக்குக் கொடுக்கும் நூலகக்காரர்கள் மூன்று பாகத்துக்குக் குறைந்தால் தொடவே மாட்டார்களாம். மூன்றாம் பாகத்துக்கு என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது உன் மடெய்ரா வந்தது. மார்த்தா போகட்டும்! கடல், புயல், உடைந்த பாய்மரம், தீவில் தொலைந்துபோன மாமா! முந்நூறு பக்கத்துக்குக் கவலையில்லை. அதனால் இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் அக்காவின் பதிலை ஒரே மூச்சில் எழுதி, இரண்டு அத்தியாயத்தையும் அவருக்கு அனுப்பிவிட்டேன். இதோ: "மார்த்தா, நீ போவதே நல்லது. இந்த வீடு இரண்டு பேருக்குச் சிறியது. இங்கே உனக்காக எதுவும் காத்திருக்கவில்லை. போய் வா." சுருக்கமாக, கம்பீரமாக இருக்கிறது அல்லவா? பழைய பேனா முனையில் இப்படி ஓடியது எனக்கே ஆச்சரியம்.

அடுத்த தாளில் குறுக்குவாக்கு முழுவதும் உன்னைப் பற்றி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மார்த்தாவைக் கடலில் தள்ளிவிடுவேன்.

ஆண்டவர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
லவினியா ரே


மார்ஷ்பி
21 செப்டம்பர் 1852

என் அன்புத் தங்கைக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. நின்றுகொண்டிருந்தால் அந்த நாயைக் கீழே இறக்கிவிட்டு உட்கார்.

எடுத்துக்கொண்டார்கள்! திரு. ஆட்லம் நம் நாவலை எடுத்துக்கொண்டார். இனி எழுதப்போவதையும் சேர்த்து மூன்று பாகமும், நல்ல துணி அட்டையில், அடுத்த வசந்தத்தில் வருகிறது. காலைத் தபாலில் கடிதம் வந்தது. நான் படித்தேன், திரும்பப் படித்தேன், கெசியாவைக் கட்டிக்கொண்டு சமையலறையைச் சுற்றி ஆடினேன். அதற்குள் அடுப்பில் இருந்த புட்டிங் கரிந்துபோய்விட்டது. "கரியட்டும் பெரிய பாப்பா, வருஷத்துக்கு ஒண்ணு கரிஞ்சா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று அவளே சொன்னாள். கெசியா வாயிலிருந்து இந்த வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? தொப்பியை எடுத்துக்கொண்டு, தான் ஆர்கன் வாசிக்கும் தேவாலயத்துக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் ஊர் முழுக்க ஆர்கன் கேட்டது. தோத்திரப் பாட்டு என்று நினைத்தால், சந்தையில் குடித்துவிட்டு ஆடுகிற ஆட்டப் பாட்டு! பாதிரியார் சாப்பாட்டுத் துண்டு கழுத்தில் தொங்க ஓடி வந்தார். "மிஸ்டர் ரே, யாரு செத்தா? யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டாராம். அப்பா கையை எடுக்காமலே, "ஹார்ன்னு ஒரு தூரத்துச் சொந்தம். நல்லா வந்துட்டான்" என்றாராம்.

திரு. ஆட்லம் எழுதியதில் சில வரிகளை உனக்காக எடுத்து எழுதுகிறேன். "அன்புள்ள ஐயா, தங்கள் எழுத்தில் ஓர் ஆண்மகனின் உறுதியான கை தெரிகிறது." இதைக் கேட்டுக் கெசியா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த வரி: "தீ விபத்துகள் மூன்று இருக்கின்றன. ஒன்று போதும்." மூன்றும் நான் எழுதியவை. உன் அத்தியாயங்களில் ஒரு காற்புள்ளியைக்கூட எடுக்கச் சொல்லவில்லை அந்த மனிதர். இன்னும் கேள். "மார்த்தா தன் அக்காவுக்கு எழுதும் கடிதத்தை இரவு உணவின்போது என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பாதியில் எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே பிரிஸ்டலில் இருக்கும் தன் தங்கைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை."

இதைப் படித்ததும் எனக்குப் பொறாமை வந்தது. மறைப்பானேன்? அரை நாள் பொறாமைப்பட்டேன். உருளைக்கிழங்குகளைத் தேவைக்கு மேலே ஆழமாகச் சீவினேன். நான் ஊரையே கொளுத்துகிறேன், ஒருவரும் கண்ணீர் விடவில்லை. இவள் ஒருத்தியை மாடிப்படியில் நிற்க வைக்கிறாள், லண்டனில் சாப்பாடு ஆறிப்போகிறது. மாலைக்குள் சரியாகிவிட்டது. என் தங்கை எழுதியது என்று சந்தையில் நின்று கத்த வேண்டும்போல இருந்தது. ஹார்ன் ஐயாவின் மானத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. அக்காவின் பதில் மிகவும் கொடுமையாக இருக்கிறதாம். "வாசகர்கள் இந்த அக்காவை மன்னிக்க மாட்டார்கள். ஆசிரியர் இதை அறிந்துதான் எழுதினாரா?" என்று கேட்கிறார். இதில் என்ன கொடுமை? பயணம்தானே அனுப்பினேன்? நீ என்ன நினைக்கிறாய்?

நீ என்னதான் நினைக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு நாளாகிறது, ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நான் கிளியைத் தோளில் உட்கார வைத்தது கோபமா? வேண்டுமானால் கிளியைக் கூண்டுக்குள் போட்டுவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு மிஸஸ் தாக்வெல் நாலு நாள் விட்டால் வந்துவிட்டுப் போயேன். கட்டாயமில்லை. முடிந்தால்.

இந்தச் சந்தோஷத்தில் பாதி உன்னுடையது. அது இங்கே சும்மா கிடக்கிறது. சீக்கிரம் பதில் போடு.

உன் அக்கா,
லவினியா


சவுத்தாம்ப்டன்
6 அக்டோபர் 1852, புதன்கிழமை பகல்

ஃபீபி,

துறைமுகத்தில் விசாரித்துக் கண்டுபிடித்து, நீ இருக்கிற அதே விடுதியின் கீழ்த்தளத்தில், காப்பி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வந்திருக்கிறேன் என்று விடுதிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். "பதில் சொல்லியாச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்று நீ சொன்னதாக வந்து சொன்னான். பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையைத் துடைத்தான். அதனால் எழுதுகிறேன். இந்தத் தாளில் குறுக்கே எதுவும் எழுதப் போவதில்லை. ஒரே பக்கமாக, பெரிய எழுத்தில், கெசியாவே படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

உன் நாலு வரி திங்கட்கிழமை காலை வந்தது. "உன் பதில் கிடைத்தது. நான்தான் கேட்கிறேன் என்று தெரியாமல் நீ எழுதினாய் என்பது புரிகிறது. தெரிந்திருந்தால் இரக்கப்பட்டு வா என்றிருப்பாய். தெரியாமல் சொன்னதுதான் உன் மனது. வியாழக்கிழமை சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறுகிறோம். மூன்றாம் பாகத்தை நீயே முடித்துவிடு."

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் கேட்டது, என்ன பதில்? பிறகு பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். தாளைத் திருப்பி, நீளவாக்கு எழுத்தைக் கவனிக்காமல் குறுக்குவாக்கை மட்டும் படித்தேன். கெசியா தைத்துக் கொடுத்த காலுறை. மடியில் தூங்கும் நாய். நான் திருத்திய ஒவ்வொரு இடத்திலும் நீ இருந்தாய், ஃபீபி. உன் கடிதத்தைப் பிரதி எடுத்து, உன்னைத் தேடித் தேடி அடித்துவிட்டு, லண்டனுக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குப் பாராட்டு வேறு வாங்கியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன், கொண்டை அவிழ்ந்துபோயிற்று.

அப்பா வாங்கிப் படித்தார். எப்போதும் கேலி செய்கிறவர் கேலி செய்யவில்லை. "நீயும் அவளும் ஊருக்கெல்லாம் எழுதுறீங்க. ஒருத்திக்கொருத்தி எழுதத் தெரியலையே லவி" என்றார். கெசியா அதற்குள் என் பையில் ரொட்டியும் பன்றி இறைச்சியும் வைத்துவிட்டாள். "அழுறதுக்கு ரயில்ல நெறைய நேரம் இருக்கு, கெளம்பு" என்றாள்.

லிங்கனைத் தாண்டிப் போகாதவள் நான். இரண்டு நாளில் மூன்று ரயில் மாறினேன். என் கதாநாயகிகளை உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறேன். பெட்டி எங்கே வைப்பது என்று ஒருத்திக்கும் நான் சொல்லிக் கொடுத்ததில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. லண்டன் ரயிலில் எதிரே உட்கார்ந்த பெரிய மனிதர், பெண்கள் நாவல் எழுதினால் குடும்பம் சிதறிவிடும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். நான் மறுத்துப் பேசவில்லை. அழுதுகொண்டே தலையாட்டினேன். பயந்துபோய் அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

இப்போது நீ கேட்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. உன் பதிலைக் கேட்டுவிட்டு நான் இங்கே திகைத்து உட்கார்ந்திருந்தபோது, நாயும் தடியுமாக மிஸஸ் தாக்வெல் அம்மாள் உள்ளே வந்தார். "நீதான் அந்த அக்காவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதிரே உட்கார்ந்தார். "ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணு எனக்குப் பேப்பர் படிக்குது. போன மாசத்துலேருந்து ஒரே பத்திய மூணு தரம் படிக்குது. கோதுமை விலைய நான் மூணு தரம் கேட்டேன். வீட்ல யாரும் தேட மாட்டாங்கன்னு சொல்லித்தான் வர்றேன்னா. இல்லேன்னா நான் ஏன் கூட்டிட்டுப் போகப் போறேன்? லண்டன்லேருந்து தாதி ஒருத்தி நாளைக்குக் காலையில வர்றா. உன் தங்கச்சி இல்லாமலும் எனக்கு இருமத் தெரியும்" என்றார். அந்தம்மாளைப் பற்றி உன் கடிதங்களில் நீ எழுதியது பாதி கூட இல்லை. நானாக இருந்தால் ஒரு பாகம் முழுக்க அவரையே எழுதியிருப்பேன். இந்தக் கடிதத்தை அவரே மேலே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். "மூக்குக் கண்ணாடி மேலதான் கெடக்கு, நான் படிக்க மாட்டேன், பயப்படாம எழுது" என்று காத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நீ வீட்டுக்கு வருவதைத் தடுக்கக் கடமை எதுவும் இல்லை. நீ கோபத்தில் போகிறாய், அல்லது நான் வேண்டாம் என்றேன் என்று நம்பிப் போகிறாய். அதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

தெரியாமல் சொன்னதுதான் உன் மனது என்று எழுதினாய். நன்றாக இருக்கிறது, புத்தகத்தில் போடலாம். ஆனால் தப்பு. மார்த்தாவுக்குச் சொன்ன பதில் மார்த்தாவுக்கு. அவள் கப்பல் ஏறாவிட்டால் எனக்கு முந்நூறு பக்கம் குறையும், அவ்வளவுதான். அவள் கரை சேர்ந்தாளா இல்லையா என்று நான் ஒரு ராத்திரிகூட விழித்திருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பதில் எனக்கு ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்று ரயிலில்தான் புரிந்தது. ஏற்கெனவே ஒருதரம் சொன்ன வார்த்தைகள் அவை. இரண்டு வருஷத்துக்கு முன், நீ வீட்டில் இருந்தபோது, உன் அத்தியாயத்தைக் கேட்காமல் திருத்தினேன். நீ சண்டை போட்டாய். ஒரு வீட்டில் இரண்டு பேர் எழுத முடியாது, போவதே நல்லது என்று அன்று உன் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ பெட்டி கட்டியபோது கீழே இறங்கி வரவில்லை. மாடி ஜன்னலில் நின்று, வண்டி மாவு மில்லைச் சுற்றித் திரும்பும்வரை பார்த்தேன். பிறகு உன் அறைக்குப் போய் உன் மேசையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஒரு வரி வரவில்லை. அதனால்தான் தபாலில் சேர்ந்து எழுதலாமா என்று கேட்டேன். நாவலுக்காக உன்னைக் கேட்டேன் என்று நீ நினைத்தாய். உன்னை விடாமல் பிடித்துக்கொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி நாவல்தான். நீ இல்லாமல் வீடு எவ்வளவு பெரியது தெரியுமா? பேசினால் எதிரொலிக்கிறது.

அக்காவின் பதிலை அடித்துவிட்டேன். லண்டனில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நேராகத் திரு. ஆட்லத்தின் அலுவலகத்துக்கே போய் அடித்தேன். ஆம்ப்ரோஸ் ஹார்ன் நான்தான் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மறுபடி எழுந்தார். அந்தக் கடிதம் என் தங்கையின் சொந்தக் கடிதம், அவள் சம்மதிக்காமல் அச்சேறக் கூடாது என்றேன். மூன்றாம் பாகம் வராமலே போகலாம் என்றும் சொன்னேன். மனிதர் நல்லவர். "மொதல்ல நீங்க சவுத்தாம்ப்டன் போங்க மேடம், அப்புறம் புத்தகம்" என்று தானே வாடகை வண்டி பிடித்துக் கொடுத்தார். ஆகவே புத்தகத்துக்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நீ நினைக்க வழியில்லை. புத்தகம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை.

மிஸஸ் தாக்வெல் தடியால் தரையைத் தட்டுகிறார். முடிக்க வேண்டும்.

நீ எந்தக் கரையில் இருந்தாலும் கடவுள் உன்னைக் காப்பாராக, உன் உடம்பும் மனமும் சுகமாக இருப்பதாக என்று வாழ்த்தி முடிப்பதுதான் ஒரு மூத்தவளுக்கு அழகு. வாழ்த்திவிட்டேன். மனதாரத்தான் வாழ்த்தினேன். ஆனால் கப்பல் ஏறாதே, ஃபீபி. எனக்கு நீ வேண்டும்.

கீழே காத்திருக்கும் உன் அக்கா,
லவி